எதிரணிகள் எவ்வளவு கடினம்? கல்லூரி ஃபுட்பால் அட்டவணையை அளக்கும் முறை

இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் 20 அணிகளும் தங்களுக்குள் இரண்டு முறை மோதி முடித்துவிடும். யாருக்கு எளிய எதிரணிகள் வாய்த்தன என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) மேல் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 2025 சீசனில் 136 அணிகள். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான சீசனில் 12 ஆட்டங்கள்தான். அதிலும் எட்டோ ஒன்பதோ சொந்தக் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே (அணிகள் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பு) போய்விடும். 11-1 (11 வெற்றி, 1 தோல்வி) என்று முடித்த இரண்டு அணிகள் பொதுவான ஓர் எதிரணியைக்கூடச் சந்திக்காமல் போகலாம். இவற்றில் எந்த 11-1 பெரியது என்று தீர்ப்பதற்காகத்தான் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல்’, சுருக்கமாக எஸ்ஓஎஸ், என்ற கணக்கு இருக்கிறது.

டிவியில் "இவர்களுடைய அட்டவணை நாட்டிலேயே 14-வது கடினம்" என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். யாருக்குக் கடினம் என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அது ஏன் என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ், சீசனின் ஆட்ட முடிவுகள், ஒரு மாலை நேரம், இவ்வளவு போதும்.

முதலில் எளிய முறை: எதிரணிகளின் வெற்றி விகிதம்

எதிரணிகளின் வெற்றிகளை எல்லாம் கூட்டி, அவை ஆடிய மொத்த ஆட்டங்களால் வகுப்பது. பழைய முறை, பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் ஒரு திருத்தம் கட்டாயம் செய்ய வேண்டும்: நீங்கள் அளக்கும் அணிக்கு எதிராக அந்த எதிரணி ஆடிய ஆட்டத்தைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால், ஜெயித்த அணி ஜெயித்த பாவத்துக்கே தண்டிக்கப்படும்.

2024 இண்டியானாவை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சீசனில் 11-1. கீழ்ப் பிரிவு அணி ஒன்றை விட்டுவிட்டால் எஃப்பிஎஸ் எதிரணிகள் 11: எஃப்ஐயு (4-8), யுசிஎல்ஏ (5-7), ஷார்லட் (5-7), மேரிலாண்ட் (4-8), நார்த்வெஸ்டர்ன் (4-8), நெப்ராஸ்கா (6-6), வாஷிங்டன் (6-6), மிஷிகன் ஸ்டேட் (5-7), மிஷிகன் (7-5), ஒஹையோ ஸ்டேட் (10-2), பர்டூ (1-11). அப்படியே கூட்டினால் 132 ஆட்டங்களில் 57 வெற்றி, அதாவது 0.432. இண்டியானாவோடு ஆடியவற்றைக் கழித்தால் 121-இல் 56, 0.463. அந்த 0.031 வித்தியாசம் முழுக்க இண்டியானா பத்து பேரின் கணக்கில் ஏற்றிவிட்ட தோல்விகளால் வந்தது. திருத்திய பிறகும் எண் 0.5-க்குக் கீழேதான் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். தோல்வியைவிட வெற்றி அதிகம் வைத்திருந்த எதிரணிகள் ஒஹையோ ஸ்டேட், மிஷிகன் இரண்டே. அந்த டிசம்பரில் இண்டியானாவுக்கு பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்று) இடம் கொடுக்கலாமா என்று நடந்த சண்டைக்கு இந்த வரிசைதான் காரணம்.

அடுத்த அடுக்கு, எதிரணிகளின் எதிரணிகள். மேலே சொன்ன எண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்கு, எதிரணிகளின் எதிரணிகளுடைய விகிதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எடை கொடுத்துக் கூட்டுவார்கள். தேசிய இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்த பழைய முறையான பிசிஎஸ்ஸின் சூத்திரத்தில் 1998 முதல் 2003 வரை தனி அங்கமாக இருந்த அட்டவணைக் கணக்கு இதுவே.

இந்த முறையின் பெரிய ஓட்டை கான்ஃபரன்ஸ் கணக்கில் இருக்கிறது. ஒரு கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஆட்டங்களில் வெற்றியும் தோல்வியும் எப்போதும் சமம். எட்டு உள் ஆட்டம் ஆடும் கான்ஃபரன்ஸில் சராசரி அணி உள்ளே 4-4. வெளியே நான்கையும் எளிய எதிரணிகளிடம் ஜெயித்தால் 8-4, அதாவது 0.667. ஒன்பது உள் ஆட்டம் என்றால் 4.5 வெற்றியும் வெளியே மூன்றும் சேர்ந்து 7.5; 12-க்கு 0.625. அணிகளின் தரம் ஒன்றுதான், கடினமும் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் எட்டு ஆட்ட லீக்கின் அட்டவணை காகிதத்தில் கடினமாகத் தெரியும். பிக் டென், பிக் 12 என்ற கான்ஃபரன்ஸ்கள் ஒன்பது ஆடிக்கொண்டிருக்க, எஸ்இசி கான்ஃபரன்ஸ் 2025 வரை எட்டோடு நின்றதன் மேல் வந்த முணுமுணுப்பில் இந்த நியாயம் உண்டு. 2026 முதல் எஸ்இசியும் ஒன்பதுக்கு மாறுகிறது.

ஆக, வெற்றி விகிதத்தை முதல் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பு சொல்ல வேண்டுமென்றால் புள்ளிக் கணக்குக்குப் போக வேண்டும்.

எதிரணிக்கு ஒரு ரேட்டிங்

ஒவ்வொரு அணியும் சராசரி எஃப்பிஎஸ் அணியைவிட எத்தனை புள்ளி மேல் அல்லது கீழ் என்பதே ரேட்டிங். ஈஎஸ்பிஎன்னின் எஃப்பிஐ, பில் கானலியின் எஸ்பி பிளஸ் இரண்டும் இந்த அலகில்தான் கிடைக்கின்றன; எதையாவது எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். சொந்தமாகச் செய்வதும் கடினமில்லை, இப்படி:

சீசனின் எல்லா ஆட்டங்களையும் ஷீட்டில் இறக்குங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு வரி, ஒவ்வோர் அணியின் பக்கத்திலிருந்து ஒன்று. புள்ளி வித்தியாசம் 24-ஐத் தாண்டினால் 24 என்று வெட்டிவிடுங்கள். இண்டியானா வெஸ்டர்ன் இல்லினாயை 77-3 என்று அடித்ததில் கடைசி 50 புள்ளிக்கு எந்தத் தகவலும் இல்லை. அதற்குள் ஆட்டம் முடிந்து, பெஞ்சில் இருந்தவர்கள் இறங்கியிருப்பார்கள். பிறகு சொந்த மைதானத்தில் ஆடிய அணிக்கு 2.5 கழித்து, வெளியூர் அணிக்கு 2.5 கூட்டுங்கள்.

இப்போது எல்லா அணிக்கும் ரேட்டிங் 0 என்று தொடங்குங்கள். ஒவ்வோர் அணிக்கும் ‘திருத்திய வித்தியாசம் + எதிரணியின் ரேட்டிங்’ என்பதை எல்லா ஆட்டத்துக்கும் கூட்டி, ஆட்டங்களின் எண்ணிக்கையோடு 2 சேர்த்து வகுங்கள். வந்த எண்களைப் புதிய ரேட்டிங்காக வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். நாற்பது, ஐம்பது சுற்றில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். கடைசியில் எஃப்பிஎஸ் சராசரியை எல்லா அணியிலிருந்தும் கழித்தால் பூஜ்யம் நடுவில் வந்து உட்காரும்.

அந்த 2 எதற்கு? ஒரே ஆட்டத்தின் முடிவு, எதிர்பார்ப்பிலிருந்து சாதாரணமாகவே 16 புள்ளி அளவுக்கு விலகும். 12 ஆட்டம் ஆடிய பிறகும் சராசரியில் 4.6 புள்ளி அளவுக்கு அதிர்ஷ்டம் கலந்திருக்கும். 0 ரேட்டிங் எதிரணியோடு இரண்டு சமநிலை ஆட்டம் ஆடியதாகப் பாவித்தால் அந்த மிகை அடங்கும். இன்னொரு பலன், சுற்றுகள் மேலும் கீழும் அலையாமல் ஒரு விடையில் குவியும். பிசிஎஸ் பயன்படுத்திய ஆறு கணினித் தரவரிசைகளில் ஒன்றான கோலி மேட்ரிக்ஸும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது: ஒவ்வோர் அணியையும் ஒரு வெற்றி, ஒரு தோல்வியோடு தொடங்க வைக்கிறது. கோலி புள்ளி வித்தியாசத்தையே பார்ப்பதில்லை. 2017-இல் தோல்வியே காணாமல் 13-0 என்று முடித்து, சீசன் முடிந்த பிறகு நடக்கும் ‘போல்’ (bowl) ஆட்டங்களில் ஒன்றான பீச் போலில் ஆபர்னை 34-27 என்று வென்ற யுசிஎஃப்பை முதலிடத்தில் வைத்தது அதுதான்.

செப்டம்பரில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். முதல் நான்கைந்து வாரத்தில் கான்ஃபரன்ஸ்களுக்கு இடையே பாலமாக இருக்கும் ஆட்டங்கள் போதாது. அந்தப் பாலங்கள் சீசன் முழுக்கவே சொற்பம்தான். அக்டோபருக்குப் பிறகு ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் பெரும்பாலும் தனக்குள்ளேயே சுற்றும். செப்டம்பரில் நடந்த சில வெளி ஆட்டங்களே மொத்தக் கான்ஃபரன்ஸின் மதிப்பையும் தீர்மானிக்கின்றன. ஒரு கான்ஃபரன்ஸின் எல்லா அணிகளும் ஒரே பக்கமாகத் தவறி மதிப்பிடப்பட்டால் அதை டிசம்பர் வரை எந்த ஆட்டமும் திருத்தாது. அதன் பிறகு வருபவை ‘போல்’ ஆட்டங்கள்தான். அதற்குள் பிளேஆஃப் இடங்கள் பங்கிடப்பட்டிருக்கும்.

யாருக்குக் கடினம்?

எதிரணிகளின் ரேட்டிங்கைச் சராசரி எடுத்து "இதுதான் எஸ்ஓஎஸ்" என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. ஏன் தவறு என்று நான்கு ஆட்டத்தில் காட்டலாம்.

அட்டவணை ஒன்று: +22, +18, -20, -20. அட்டவணை இரண்டு: 0, 0, 0, 0. இரண்டுக்கும் சராசரி பூஜ்யம். எல்லாம் நடுநிலை மைதானத்தில் நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

புள்ளி வித்தியாசத்தை வெற்றி வாய்ப்பாக மாற்ற, எக்செலின் நார்ம் டிஸ்ட் (NORM.DIST) ஃபங்ஷனில் சராசரி 0, திட்ட விலக்கம் 16, கடைசியில் TRUE கொடுத்தால் போதும். 3 புள்ளி மேலே இருந்தால் 57%, 7-க்கு 67%, 10-க்கு 73%, 14-க்கு 81%, 20-க்கு 89%, 28-க்கு 96%.

ரேட்டிங் +20 உள்ள வலுவான அணி முதல் அட்டவணையை ஆடினால் வாய்ப்புகள் 45%, 55%, 99.4%, 99.4%. எதிர்பார்க்கும் வெற்றி 2.99, நான்கையும் ஜெயிக்கும் வாய்ப்பு 24%. இரண்டாவது அட்டவணையில் நான்கும் தலா 89.4%, எதிர்பார்ப்பு 3.58, நான்கையும் ஜெயிக்க 64%. சராசரியில் சமமான இரண்டில் ஒன்று இவ்வளவு கடினம்.

அதே இரண்டையும் ரேட்டிங் 0 உள்ள சராசரி அணிக்குக் கொடுங்கள். முதலாவதில் 2.00 வெற்றி, இரண்டாவதிலும் 2.00. வித்தியாசமே இல்லை. இன்னும் கீழே, -10 உள்ள அணிக்குப் போனால் முதலாவதில் 1.53, இரண்டாவதில் 1.06. இப்போது இரண்டாவதுதான் கடினம்! பலவீனமான அணிக்கு +22 எதிரணியோடு எப்படியும் தோல்விதான். ஜெயிக்கக்கூடிய ஆட்டங்கள் எத்தனை என்பதே அதன் கவலை.

ஆகவே அளப்பதற்கு முன் ஒப்பீட்டு அணி ஒன்றை நிறுத்துங்கள். ஈஎஸ்பிஎன் சராசரி டாப் 25 அணியை அப்படி நிறுத்துகிறது. 2024-இல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்துவிட்டதால், இடம் கிடைக்குமா என்ற விவாதத்துக்கு 12-ஆம் இடத்தைச் சுற்றியுள்ள அணியின் ரேட்டிங்கை எடுப்பது பொருத்தம். போலுக்குத் தகுதி பெறும் ஆறு வெற்றி கிடைக்குமா என்று பார்க்கிறீர்களா? 0 அல்லது -3 எடுங்கள். வேலைக்கு ஏற்ற ஒப்பீட்டு அணி, அந்த அணி 12 ஆட்டத்தில் எதிர்பார்க்கும் வெற்றி: இதுதான் உங்கள் எஸ்ஓஎஸ். எண் குறையக் குறைய அட்டவணை கடினம்.

எஃப்சிஎஸ் எதிரணிகளை என்ன செய்வது

அநேகமாக எல்லாரும் ஒரு எஃப்சிஎஸ் அணியை, அதாவது எஃப்பிஎஸ்ஸுக்கு அடுத்த கீழ்ப் பிரிவு அணியை, கூட்டி வந்து அடித்து அனுப்புகிறார்கள். எஸ்இசியில் அது நவம்பரில்கூட நடக்கும். ரசிகர்கள் கப்கேக் என்பது இதைத்தான். கணக்கிலிருந்து இந்த ஆட்டத்தை விட்டுவிட்டால், 11 கடின ஆட்டமும் ஒரு கப்கேக்கும் ஆடியவரும் 12 கடின ஆட்டம் ஆடியவரும் சமமாகிவிடுவார்கள். எஃப்சிஎஸ் அணியின் 10-2-ஐ அப்படியே சேர்த்தால் அதைவிட மோசம், ஏனென்றால் அது வேறு குளத்தில் எடுத்த 10 வெற்றி.

எல்லா எஃப்சிஎஸ் அணிகளையும் ஒரே அணியாகப் பாவித்து -25 கொடுப்பது நடைமுறைக்கு ஏற்றது. 24-இல் வெட்டிய வித்தியாசத்தை வைத்துக் கணக்கே அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் எஃப்சிஎஸ் உண்மையைவிட வலுவாகத் தெரியும், அதனால் கையாலேயே நிறுத்துங்கள். விதிவிலக்காகச் சில அணிகளுக்குத் தனி எண் வேண்டும். நார்த் டகோட்டா ஸ்டேட் 2013-இல் கான்சாஸ் ஸ்டேட்டை 24-21 என்றும், 2016-இல் ஐயோவாவை 23-21 என்றும் அவர்கள் மைதானத்திலேயே வென்றிருக்கிறது. 2007-இல் அப்பலேச்சியன் ஸ்டேட் ஆன் ஆர்பரில் மிஷிகனை 34-32 என்று சாய்த்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. இந்த ரகத்துக்கு -25 அநியாயம்.

எதிரணிகளின் வெற்றிக்குள்ளும் எஃப்சிஎஸ் ஒளிந்திருக்கும். 2024 பர்டூவின் ஒரே வெற்றி எஃப்சிஎஸ்ஸின் இண்டியானா ஸ்டேட்டிடம் எடுத்தது. எஃப்பிஎஸ்ஸுக்கு எதிராக அந்த அணி 0-11. வெற்றி விகித முறையில் அளப்பவர்கள் இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மைதானத்துக்கு 2.5 புள்ளி போதும். டாலஸின் காட்டன் போல் மைதானத்தில் நடக்கும் டெக்சஸ்-ஓக்லஹோமா ஆட்டத்தை நடுநிலை என்றே குறியுங்கள். அட்டவணைக் கோப்புகள் அதில் ஓர் அணியைச் சொந்த அணியாகக் காட்டும், ஏமாற வேண்டாம். லாரமியில் 7,220 அடி உயரத்து வயோமிங் மைதானம், வியாழக்கிழமைக் குறுகிய வாரம், எதிரணிக்கு முந்தைய வாரம் ஓய்வு என்று ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சேர்க்க ஆசை வரும். ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, அரைப் புள்ளி விஷயம். எதிரணியின் ரேட்டிங்கிலேயே நான்கு புள்ளிக்கு மேல் சந்தேகம் இருக்கும்போது இவற்றால் படம் மாறாது.

அட்டவணை வேறு, ரெக்கார்ட் வேறு

கடினமான அட்டவணை வாய்ப்பது சாதனை ஆகாது. அதில் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. ஒப்பீட்டு அணி எதிர்பார்க்கும் வெற்றியை உண்மையான வெற்றியிலிருந்து கழியுங்கள். ஒப்பீட்டு அணி 10.2 ஜெயிக்கும் அட்டவணையில் 11-1 எடுத்தால் +0.8. 8.7 ஜெயிக்கும் அட்டவணையில் 10-2 எடுத்தால் +1.3. இரண்டாவதே பெரியது, தோல்வி ஒன்று கூடினாலும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஒப்பீட்டு அணி இதே ரெக்கார்டையோ (வெற்றி-தோல்விக் கணக்கு) இதைவிட நல்லதையோ எடுக்கும் வாய்ப்பைக் கணக்கிடலாம். ஈஎஸ்பிஎன்னின் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் ரெக்கார்ட்’ இதுவே. ஷீட்டில் 0 முதல் 12 வரை வெற்றி எண்ணிக்கைக்கு 13 நெடுவரிசை, ஆட்டத்துக்கு ஒரு வரி. ஆட்டம் தொடங்குமுன் 0 வெற்றியில் 1, மற்றதில் 0. அடுத்த வரியில் ஒவ்வொரு கட்டத்துக்கும்: மேல் கட்டம் × தோல்வி வாய்ப்பு, கூட்டல் அதன் இடப்பக்கக் கட்டம் × வெற்றி வாய்ப்பு. 12-ஆவது ஆட்டத்தின் வரியில் 11, 12 கட்டங்களைக் கூட்டினால் 11-1 அல்லது மேல் வரும் வாய்ப்பு. ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையும் 1 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஃபார்முலாவை இழுக்கும்போது டாலர் குறியை எங்கோ விட்டிருப்பீர்கள்.

பிளேஆஃப் கமிட்டியும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2025 சீசனுக்கு முன் அட்டவணை அளவுகோலில் வலுவான எதிரணிகளோடு ஆடும் ஆட்டங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து, ‘ரெக்கார்ட் ஸ்ட்ரெங்த்’ என்று இன்னோர் அளவையும் சேர்த்தது. ஆனாலும் இறுதியில் வாக்களிப்பது மனிதர்கள். 2023-இல் 13-0 என்று ஏசிசி கான்ஃபரன்ஸை வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட் பிளேஆஃபுக்கு வெளியே நின்றதற்கு, காயமடைந்த குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் பெரிய காரணம். எந்த எஸ்ஓஎஸ் ஷீட்டிலும் அதற்கு நெடுவரிசை கிடையாது.

எப்போதைய எண்?

ஆகஸ்டில் வெளியாகும் "கடினமான அட்டவணைகள்" பட்டியலில் பல, எதிரணிகளின் கடந்த ஆண்டு வெற்றிகளைக் கூட்டியவை. வீரர்கள் எளிதாகக் கல்லூரி மாறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் காலத்தில் இதைவிட வீண் வேலை இல்லை. டிசியு 2021-இல் 5-7. 2022-இல் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023-இல் 13-1, அடுத்த ஆண்டு 2-10. 2024 ஆகஸ்டில் டப்ளினில் அப்போது 10-ஆம் இடத்திலிருந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை 24-21 என்று வென்ற ஜார்ஜியா டெக்குக்கு அன்று கிடைத்த பெயரும், நவம்பர் இறுதியில் அதே வெற்றிக்கு இருந்த மதிப்பும் ஒன்றல்ல. எதிரணியின் மதிப்பு, ஆட்டம் நடந்த வாரத்தின் தரவரிசை எண்ணில் இல்லை. இன்றுவரை அது செய்த எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் பழைய ஆட்டங்களுக்கும் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள்.

ஆடி முடித்த ஆட்டங்களின் எஸ்ஓஎஸ், மீதமுள்ளவற்றின் எஸ்ஓஎஸ், முழு சீசன் எஸ்ஓஎஸ் மூன்றும் வேறுவேறு. ஓர் அணிக்கு முதலாவதையும் மற்றதற்கு மூன்றாவதையும் வைத்து வாதம் செய்பவர்கள் ஏராளம். தலைப்பில் எது என்று எழுதாத எண்ணை விட்டுத்தள்ளுங்கள்.

கடைசியாக, தரவரிசை. 1998-இல் பிசிஎஸ் அட்டவணைக் கடினத்தை எடுத்துக்கொண்டது தரவரிசையாக: எத்தனையாவது இடமோ அதை 25-ஆல் வகுத்து மொத்தத்தில் சேர்த்தது. ஓர் இடம் என்றால் 0.04. 2003-இல் பத்திரிகையாளர்கள், பயிற்சியாளர்கள் வாக்களித்த இரண்டு கருத்துக்கணிப்புகளிலும் முதலிடத்தில் இருந்த யுஎஸ்சி 6.15, எல்எஸ்யு 5.99. குறைவாக எடுத்தவர் மேலே என்பதால் 0.16 வித்தியாசத்தில் யுஎஸ்சி இறுதி ஆட்டத்தை இழந்தது, அதாவது நான்கு அட்டவணை இடங்களின் எடை. யுஎஸ்சி ஏற்கெனவே ஆடி முடித்திருந்த ஹவாயும் நோட்ர டாமும் கடைசி நாளில் வேறு யாரிடமோ தோற்றதும் அந்தக் கணக்கில் விழுந்தது. நடுப்பகுதியில் அட்டவணைகள் நெருக்கியடித்து நிற்கும். 35-ஆம் இடத்துக்கும் 50-ஆம் இடத்துக்கும் நடுவே எதிர்பார்க்கும் வெற்றியில் கால் வெற்றிகூட இருக்காமல் போகலாம். 2004-இல் பிசிஎஸ் அந்த அங்கத்தையே எடுத்துவிட்டது, கணினிகள் அதை ஏற்கெனவே உள்ளே எண்ணிக்கொண்டிருந்தன. உங்கள் ஷீட்டில் தரவரிசை நெடுவரிசை வைக்கத்தான் வேண்டுமென்றால், அதன் பக்கத்திலேயே எதிர்பார்க்கும் வெற்றியை ஒரு தசம இடத்தோடு வையுங்கள். இரண்டு அணிகளுக்கு நடுவே அந்த எண் 0.3-க்குக் குறைவாக வேறுபட்டால் அட்டவணை சமம் என்று எடுத்துக்கொண்டு, நேருக்கு நேர் மோதிய முடிவு, பொது எதிரணிகள் பக்கம் போங்கள்.